சாவின் அச்சமும் படைப்பின் ஊற்றும்

மனிதன் ஏன் படைக்கிறான் என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு அளித்த விடைகளுள் ஒன்று, அவன் சாவுக்கு அஞ்சிப் படைக்கிறான் என்பது. கருத்தரங்க மேடைகளில் இவ்விடை இன்றும் அடிக்கடி ஒலிக்கிறது. கவிதையும் கோபுரமும் ஓவியமும் கல்வெட்டும், அழியும் உடலைப் பெற்றவன் அழியாத ஒன்றைத் தேடிச் செய்த முயற்சிகளே என்று கூறிவிட்டால், கூறுவோருக்கும் கேட்போருக்கும் ஒரு நிறைவு உண்டாகிவிடுகிறது. அதே வேளையில் நம் மஹல்லாக்களில் வேறொரு குரலையும் கேட்கிறோம். 'நாளை மவுத்து வரவிருக்கிறது. கபுறில் கேள்வி கணக்கு இருக்கிறது. இதற்கிடையே பாட்டும் கதையும் எதற்கு?' என்பது அக்குரல். முதற்கூற்றின்படி சாவச்சம் படைப்பின் தாய். இரண்டாம் கூற்றின்படி அதுவே படைப்பின் பகை. ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், சாவை அச்சம் என்னும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில் இரண்டும் ஒன்றுபட்டு நிற்கின்றன. இரண்டுமே குறையுடையன என்பது என் துணிபு. தமிழ்த்துறை மாணவன் ஒருவன் கவிதை எழுதுவதை வீண் வேலை என வீட்டார் கடிந்துகொள்ளும் சூழலில், இது வெறும் ஏட்டு வாதம் அன்று என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

முதற்கூற்றை முறையாக வளர்த்தெடுத்தவர் அமெரிக்க மானிடவியல் அறிஞர் எர்னஸ்ட் பெக்கர். மரணத்தை மறுத்தல் என்று பொருள்படும் தலைப்பில் 1973ஆம் ஆண்டு அவர் ஒரு நூலை வெளியிட்டார். தான் இறக்கப் போவதை அறிந்த ஒரே உயிர் மனிதனே. அவ்வறிவை நேர்நின்று தாங்க அவனால் இயலாது. ஆதலின் தன்னைக் காட்டிலும் நெடிது வாழக்கூடிய ஒன்றோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறான். பண்பாடு என நாம் போற்றுவது அப்பிணைப்பின் விரிவே என்பது அந்நூலின் சாரம். நூல் வெளிவந்த மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில், நாற்பத்தொன்பதாம் வயதில், புற்றுநோயால் பெக்கர் மறைந்தார். அதற்கு இரண்டு திங்கள் கழித்தே அந்நூலுக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் கொள்கைக்கு அவர் வாழ்வே சான்றாயிற்று என்று சிலர் நெகிழ்ந்து எழுதுவதுண்டு. எனக்கு அது அவ்வளவு உறுதியான சான்றாகப் படவில்லை. சாவுக்கு முன் ஒருவர் எழுதினார் என்பதனால், சாவுக்கு அஞ்சியே எழுதினார் என்று ஆகிவிடாது.

பெக்கரைப் பின்பற்றிய உளவியலாளர் மூவர் இக்கருத்தைச் சோதனைச் சாலைக்குக் கொண்டு சென்றனர். அவர்கள் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. அரிசோனாவின் டூசான் நகரில் இருபத்திரண்டு நீதிபதிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் அவர்தம் சாவைப் பற்றி எண்ணி எழுதுமாறு கேட்டனர். பின்னர் இரு சாராரிடமும் ஒரே வகைக் குற்ற வழக்கைக் கொடுத்துப் பிணைத்தொகை விதிக்கச் சொன்னார்கள். சாவை நினையாதவர் விதித்தது சராசரி 50 டாலர். நினைவூட்டப்பட்டவர் விதித்தது 455 டாலர். இவ்வகைச் சோதனைகள் எல்லா இடத்தும் ஒரே விடையைத் தருவதில்லை. இவ்வரிசையைச் சார்ந்த வேறொரு சோதனையைப் பல ஆய்வகங்கள் கூடி மீண்டும் நடத்தி 2022இல் வெளியிட்டபோது, எதிர்பார்த்த விளைவு தென்படவே இல்லை. அது நிற்க. டூசான் நீதிபதிகளின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது காட்டுவது யாது? அச்சமுற்றவர் கடுமையுற்றார் என்பதே. பழகிய விதியை இறுகப் பற்றிக்கொண்டார். மாறுபட்டவரை மிகுதியாகத் தண்டித்தார். இது படைப்புக்கு நேர்மாறான மனநிலை அன்றோ?

அச்சம் நாவைக் கட்டும் என்பதற்கு இஸ்லாமிய அறிவுலக வரலாற்றில் மறக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091ஆம் ஆண்டு பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியப் பொறுப்பேற்றபோது முப்பத்து மூன்று வயதினர். முந்நூறு மாணவர் அவரிடம் பாடம் கேட்டனர். புகழின் உச்சியில் இருந்த அவர், தம் கல்வியும் போதனையும் இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்று தம்மையே வினவிக்கொண்டார். விடை அவரை நடுங்கச் செய்தது. இடிந்து சரியும் கரையொன்றின் விளிம்பில் நிற்பதாகவும், திருந்தாவிடில் நரக நெருப்பில் வீழ்வது உறுதி எனவும் உணர்ந்ததாகப் பின்னாளில் தம் வாழ்வைக் கூறும் நூலில் அவரே எழுதினார். 1095ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆறு திங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. முடிவில் நா எழவில்லை. ஒரு நாளேனும் மாணவர் மனம் குளிரப் பாடம் சொல்வோம் என்று முயன்றும் ஒரு சொல்லும் வாயினின்று வரவில்லை. உணவு இறங்கவில்லை; மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியது என்று கூறிக் கைவிட்டனர்.

வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் சாவை நாவின் செயலறுதியோடு இணைத்துக் காட்டுவதை மாணவர் அறிவர். இங்கோ சாவு வருமுன்பே, அதன் அச்சத்தால் ஒரு பேரறிஞரின் நா செயலற்றது. பெக்கர் கூறும் வழியில் பார்த்தால் அவர் எழுதியிருக்க வேண்டிய காலம் அதுவே; ஆனால் அப்போது அவரால் பேசவே முடியவில்லை. பதவியைத் துறந்து, குழந்தைகளுக்கு வேண்டியது போக ஏனைய செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு, திமிஷ்கு நகரின் பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்து, பைத்துல் முகத்தஸ் சென்று, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றிய அக்காலத்தில்தான் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் உருவாயிற்று. பத்துப் பத்தாக நாற்பது பகுதிகள் கொண்ட அந்நூலின் நாற்பதாவது பகுதி மரணத்தை நினைவுகூர்தல் பற்றியது. அச்சம் இருந்தபோது மௌனம். அதைக் கடந்த பின்னர் நூல். சாவுக்குரிய இடத்தை அவர் முகப்பில் வைக்கவில்லை, இறுதியில் வைத்தார் என்பதும் நோக்கத்தக்கது. உண்பதும் உழைப்பதும் மணப்பதும் பயணம் செய்வதும் என வாழ்வின் துறைகள் பலவற்றையும் பேசி முடித்த பின்னரே அவர் கபுறின் வாயிலுக்கு வருகிறார்.

அந்த நாற்பதாவது பகுதியின் தொடக்கத்திலேயே இமாம் அவர்கள் ஒரு பாகுபாடு செய்கிறார்கள். உலகில் மூழ்கியவன் சாவை நினைத்தால், இழக்கப்போகும் பொருளை எண்ணி அதை வெறுப்பான். பாவத்தினின்று மீண்டவன் நினைத்தால், செய்ய வேண்டியது இன்னும் மிஞ்சியிருக்கிறதே என்று பதறுவான். இறைவனை அறிந்தவனோ, அன்பனைச் சந்திக்கும் நாள் என்று அதை எதிர்நோக்குவான். இம்மூவருள் முதல்வனுடைய அச்சத்தையே நம் காலத்துக் கொள்கையாளர்கள் மனிதன் முழுமைக்கும் பொதுவாக்கிவிட்டனர் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாமவனுடைய பதற்றம் அச்சம் அன்று. அது காலத்தைப் பற்றிய கணக்கு. படைப்பாளர் பலரை இயக்குவது இதுவே.

அச்சத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. எதிர்ச்சான்று ஒன்றை நானே முன்வைக்கிறேன். கஅபு இப்னு ஸுஹைர் என்னும் அரபுக் கவிஞர், இஸ்லாத்தையும் அண்ணல் நபி (ஸல்) அவர்களையும் இகழ்ந்து பாடியமையால், அவர் உயிருக்குக் காப்பில்லை என அறிவிக்கப்பட்டிருந்தது. ஒளிய இடமின்றி மதீனா நகர் வந்து, முகத்தை மறைத்துக்கொண்டு அண்ணலின் அவையில் அமர்ந்து, மன்னிப்பு வேண்டிப் பாடினார். பாடல் கேட்ட பெருமானார், தம் தோளில் கிடந்த போர்வையை எடுத்து அவருக்கு அணிவித்ததாக வரலாறு கூறுகிறது. சாவின் அச்சம் பிறப்பித்த கவிதை இதைவிட வேறு எது இருக்கக்கூடும் என்று கேட்கலாம். ஆனால் அப்பாடலைப் படித்துப் பார்த்தவர் அறிவர்: அது சுஆது என்னும் பெண்ணின் பிரிவில் தொடங்குகிறது; பிறகு அவள் இருக்கும் இடத்துக்குச் செல்லவல்ல பெண் ஒட்டகத்தின் கழுத்தையும் தொடையையும் கண்ணையும் நடையையும் அடி அடியாக வருணிக்கிறது; மன்னிப்பு வேண்டுதல் அதற்குப் பின்னரே வருகிறது. தலைக்கு மேல் வாள் தொங்கும் வேளையிலும் அக்கவிஞர் தம் முன்னோர் வகுத்த பாட்டு நெறியை விட்டு விலகவில்லை. ஒட்டகத்தை ஒட்டகமாகப் பார்த்தார். அச்சம் அவரை மதீனாவின் வாயில் வரைதான் கொண்டுவந்தது. உள்ளே நுழைந்து பாடியது ஆண்டுக் கணக்கில் பழகிய புலமை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களின் கதையும் இதற்கு அணுக்கமானது. பக்கவாதத்தால் உடலில் ஒரு பாதி இயங்காது போன நிலையில் அவர்கள் நபிபெருமானைப் புகழ்ந்து பாடினார்கள் என்பதும், கனவில் அண்ணலார் தோன்றிப் போர்வை அளிக்க நோய் நீங்கியது என்பதும் மரபு. அதனால் அப்பாடல் புர்தா எனப் பெயர்பெற்று, காயலிலும் கீழக்கரையிலும் இன்றளவும் வீடுகளில் ஓதப்பெறுகிறது. நோயாளி ஒருவரின் பாடல் ஏழு நூற்றாண்டுகளாகப் பிற நோயாளிகளின் தலைமாட்டில் ஒலிப்பது எவ்வளவு பொருத்தம்! எனினும் அப்பாடலின் உயிர் அன்பு. நோய் அதற்கு வாய்த்த காலம் மட்டுமே.

தமிழுக்கு வருவோம். நம் முன்னோர் நிலையாமையைக் காஞ்சித்திணை என ஒரு திணையாகவே வகுத்தனர். வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை. இந்நாட்டில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நடுகல் எழுத்துகள் அவை. அவ்வெழுத்தைப் பொறித்தவன் தன் சாவுக்கு அஞ்சிப் பொறிக்கவில்லை. இன்னொருவன் மாண்டதை மறத்தற்கு மனமின்றிப் பொறித்தான். தன் பெயரையும் அவன் பொறித்துக்கொள்ளவில்லை.

நான் அழுத்திச் சொல்ல விழையும் வேறுபாடு இதுவே. தன் சாவைக் குறித்த அச்சம் வேறு. பிறர் சாவினால் உண்டாகும் இழப்பு வேறு. இலக்கியத்தின் பெரும் பகுதி பின்னதிலிருந்தே பிறந்துள்ளது. சங்கச் சான்றோர் அதற்குக் கையறுநிலை எனப் பெயரிட்டனர். கை அற்றுப் போதல், செய்வதற்கு யாதும் இல்லாது போதல். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது சொல்வதற்கு ஒன்று மிஞ்சுகிறது. பாரிமகளிர் பாடியதாக நமக்கு எஞ்சியது ஐந்தடிப் பாட்டு ஒன்றே. தந்தையையும் குன்றையும் இழந்து நிற்கும் அப்பெண்களின் பாட்டில் தம் உயிரைக் குறித்த கவலை எள்ளளவும் இல்லை. அழியாப் புகழ் வேட்கையும் இல்லை. ஒரு திங்களின் இடைவெளியில் உலகம் மாறிப்போனதை அவர்கள் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர்.

அரபு இலக்கியத்தில் இதற்கு இணை கன்ஸா அம்மையார். தம் உடன்பிறந்தார் இருவர், சிறப்பாக ஸக்ர் என்பவர், மாண்டமைக்காக அவர் பாடிய இரங்கற்பாக்களே அம்மொழியில் அவ்வகைப் பாட்டுக்கு உச்சம் எனப் போற்றப்படுகின்றன. பின்னாளில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். காதிசிய்யாப் போரில் நான்கு மக்களை இழந்தபோது இறைவனைப் புகழ்ந்து அமைதி கொண்டார் என்று மரபு கூறுகிறது. ஈமான் கொண்டபின் பாட்டு வற்றிவிட்டது என்று சிலர் இதற்குப் பொருள் காண்பர். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. அவர் முன்பு பாடிய பாக்களை முஸ்லிம் அறிஞர்களே தொகுத்துப் போற்றிக் காத்தனர். ஓலமிடுவதையும் மாரில் அடித்துக்கொள்வதையும் மார்க்கம் தடுத்தது; கண்ணீரை அது தடுக்கவில்லை. மைந்தர் இபுறாகீம் மறைந்தபோது பெருமானாரின் கண்கள் கலங்கியதை ஹதீது நூல்கள் மறைக்காமல் பதிந்துள்ளன.

இழப்பு பாட்டை மட்டும் பிறப்பிப்பதில்லை, அறிவுத்துறையையும் பிறப்பிக்கும். இப்னு கல்தூன் 1332ஆம் ஆண்டு தூனிஸ் நகரில் பிறந்தவர். கொள்ளைநோய் 1348-49இல் அந்நகரைத் தாக்கியபோது அவருக்கு வயது பதினாறு, பதினேழு. பெற்றோரும் ஆசிரியர்கள் பலரும் அந்நோய்க்குப் பலியாயினர். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1377இல், கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் தங்கி அவர் தம் 'முகத்திமா'வை எழுதினார். உலகம் அடியோடு மாறிப் புதிதாகப் படைக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது, ஆதலின் அதன் நிலையை எழுதிவைக்க ஒருவர் வேண்டும் என்னும் கருத்தை அந்நூலின் முன்பகுதியில் அவர் குறிக்கிறார். நாகரிகங்கள் ஏன் எழுகின்றன, ஏன் வீழ்கின்றன என்னும் பெரிய வினாவைத் தொடுத்த அந்நூலின் பின்னே, சாவு வாரிக்கொண்டு போன ஒரு நகரத்தின் நினைவு இருந்தது. அவர் எழுதியது சாவைப் பற்றி அன்று. எஞ்சியோர் எவ்வாறு கூடி வாழ்கின்றனர் என்பதைப் பற்றி.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. கொரோனாப் பெருந்தொற்று 2020லும் 2021லும் நம் ஊர்களைச் சூழ்ந்தபோது, உற்றாரே நெருங்க அஞ்சிய உடல்களை, இன்ன சமயத்தவர் என்று பாராமல், முஸ்லிம் இளைஞர் குழுக்கள் எடுத்துச் சென்று அடக்கம் செய்தன. நாளிதழ்கள் படத்துடன் செய்தி வெளியிட்டன, பாராட்டின. ஆயின் குழியருகே நின்ற அந்த இளைஞர்களில் எத்துணைப் பேர் தாம் கண்டதை எழுதினர்? எழுதுவது தற்பெருமையாகிவிடும் என்னும் தயக்கம் நல்ல தயக்கமே. ஆனால் இப்னு கல்தூனும் அப்படித் தயங்கியிருந்தால், ஒரு யுகத்தின் மாற்றத்தை நாம் எவ்வழியில் அறிந்திருப்போம்?

இனி, இக்கட்டுரையின் நடுவிடத்துக்கு உரிய சான்றுக்கு வருகிறேன். சீறாப்புராணத்தை நாம் காப்பியமாகப் பயில்கிறோம். சாவுகளுக்கு இடையே எழுந்த நூலாக அதை எண்ணிப் பார்ப்பது அரிது. எட்டயபுரத்து அவைப் புலவராகிய உமறுப் புலவரை நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடுமாறு வேண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது செவிவழி வரலாறு. நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். புரவலரை இழந்த புலவருக்குப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். நூலினுள் நன்றியுடன் பாராட்டப்படுபவர் அவரே. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நூல் நின்றுவிடுகிறது. அண்ணலாரின் வாழ்வின் இறுதி ஆண்டுகள் அதில் இல்லை. அவர்தம் மறைவும் இல்லை.

ஏன் நின்றது? புலவரை இறப்பு முந்திக்கொண்டது என்பர் ஒரு சாரார். பெருமானாரின் மறைவைப் பாடப் புலவருக்கு மனம் துணியவில்லை என்பாரும் உளர். எது உண்மை என முடிவு கட்ட ஆவணம் இல்லை. எனக்குப் படுவது, இவ்விரு காரணங்களும் நாம் பேசிக்கொண்டிருக்கும் வேறுபாட்டையே தொடுகின்றன என்பது. முன்னதில் புலவரின் சாவு பாட்டை நிறுத்துகிறது. பின்னதில் அன்புக்குரியவரின் சாவு பாட்டை நிறுத்துகிறது. தமக்கு நிலைத்த புகழ் வேண்டிப் பாடியவராயின் முதல் வேலையாக நூலை முடித்துவைத்திருப்பார். முடிவுறாக் காப்பியம் அழியாமைக்கு ஏற்ற கருவியன்று. குறைந்து நின்றதைக் கண்டு பனீ அகமது மரைக்காயர் எஞ்சிய வரலாற்றைத் தனிநூலாகப் பாடினார். அது சின்னச் சீறா என வழங்குகிறது. தம் பெயரைத் தனியே நாட்ட விரும்பியவர் இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க மாட்டார். பின்னர் ஓலைகளில் சிதறிக் கிடந்த சீறாவைத் தேடித் திரட்டி, 1842ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சிலேற்றினார் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். கேட்டவர், பாடியவர், பொருள் தந்தவர், தொடர்ந்தவர், அச்சிட்டவர் என ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துச் சென்றதாலேயே நம் வகுப்பறையில் அந்நூல் இருக்கிறது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் பழமொழியைப் புலவர் ஒருவருக்குக் கல்லறையிலிருந்து கிடைத்த மோதிரத்தின் கதையோடு மட்டும் இணைத்துச் சொல்கிறோம். 5027 பாடல்களையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்வது தகும்.

காலக்கணக்கு என மேலே குறித்தேன். அதற்குக் கணித உலகினின்றே ஒரு சான்று. சீனிவாச இராமானுசன் 1919ஆம் ஆண்டு இங்கிலாந்தினின்று நோயுடன் திரும்பி, 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. இறப்பதற்கு மூன்று திங்கள் முன்பு, சனவரியில், ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என இன்று அறியப்படும் புதுவகைச் சார்புகளை அறிமுகப்படுத்தினார். அக்கடிதத்தின் நடையில் சாவைப் பற்றிய கலக்கம் இல்லை. தாம் கண்டதைப் பகிர்ந்துகொள்ளும் விரைவு இருக்கிறது. படுக்கையில் கிடந்தபடி அவர் நிரப்பிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணிற்பட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட வாய்பாடுகள். அவற்றின் உள்ளமைப்பு முழுமையாக விளங்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம் வாழ்நாளில் விளங்காது, யார் விளக்குவார் என்பதும் தெரியாது என்னும் நிலையில் ஒருவர் கடைசி நாள் வரை தாளும் எழுதுகோலுமாக இருந்ததை அச்சம் என்னும் சொல் எப்படி விளக்கும்?

இவ்விடத்தில் எனக்கு நினைவு வருவது கையில் ஒரு மரக்கன்றோடு நிற்கும் மனிதன். இறுதி நாளே வந்துவிட்டாலும், கையில் கன்று இருந்து அதை நட இயலுமாயின் நட்டுவிடுமாறு அண்ணலார் அருளியதாக ஒரு ஹதீது உண்டு. சிந்தித்துப் பார்த்தால் இது வியப்பானது. அக்கன்று வளரப்போவதில்லை, காய்க்கப்போவதில்லை, நட்டவன் பெயரைச் சொல்ல ஒருவரும் எஞ்சப்போவதில்லை. அழியாமையைத் தேடியே மனிதன் செயல்படுகிறான் என்றால் அவன் அக்கணத்தில் கன்றைக் கீழே போட்டுவிட வேண்டும். ஆயினும் நடச் சொல்லப்படுகிறது. இன்னொரு ஹதீதோ, மனிதன் இறந்தபின்னும் நிற்காமல் தொடரும் மூன்றனுள் ஒன்றாகப் பயன் தரும் கல்வியைக் குறிக்கிறது. அங்கும் அழுத்தம் பயன் என்பதன் மேல். பெயர் என்பதன் மேல் இல்லை.

நினைவுச்சின்னங்களைக் கொண்டு பெக்கரை ஆதரிப்போர் உடனே தாஜ்மகாலைக் காட்டுவர். 1631இல் புர்ஹான்பூரில் மறைந்த மனைவிக்காக எழுந்த அம்மாளிகையில் அன்பு எவ்வளவு, அரசச் செருக்கு எவ்வளவு என்று பிரித்தறிய எவராலும் இயலாது, விட்டுவிடுவோம். அதே மும்தாஜின் மகள் ஜஹானாரா 1681இல் மறைந்து தில்லி நிஜாமுத்தீன் தர்காவில் அடங்கியிருக்கிறார். அக்கபுறின் மேற்பகுதி மூடப்படவில்லை; மண்ணும் புல்லுமே அதற்குப் போர்வை. அவர் அஜ்மீர் குவாஜா முயீனுத்தீன் (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதிய நூலாசிரியர் என்பதை நம் மாணவியர் எத்துணைப் பேர் அறிவர்?

இப்போது இரண்டாம் குரலுக்கு, பெரியவர்களின் குரலுக்கு, வணக்கத்துடன் விடை கூற வேண்டும். அவர்கள் கவலை முற்றும் ஆதாரமற்றது அன்று. திருமறையின் இருபத்தாறாம் அத்தியாயம் கவிஞர்களின் பெயராலேயே அமைந்து, மனம்போன போக்கில் அலைவோரைக் கண்டிக்கிறது. ஆனால் ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அங்கேயே விலக்கும் அளிக்கிறது. மவுத்தை மிகுதியாக நினைக்கச் சொன்ன பெருமானாரின் அவையில்தான் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) பாடினார்கள்.

மேலும், மவுத்தின் நினைவு மிக்கிருந்த நம் முன்னோரே மிகுதியாகப் பாடினர் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு காட்டுகிறது. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகிய ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப் பரிமளப் புலவர் அதில் வினாவும் விடையுமாக மறுமைச் செய்திகளையும் பாடினார். நாமா என்னும் வகையில் சக்கறாத்து வேளையையே பொருளாகக் கொண்ட சக்கறாத்து நாமாவும் உண்டு. உயிர் பிரியும் கணத்தைக் கூடத் தமிழ்ச் சந்தத்தில் அமைத்துக் காட்டிய புலவரிடம், 'மவுத்து வரும்போது பாட்டு எதற்கு' என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு மவுத்து பாட்டின் பொருளாயிற்று. நமக்கு அது பாட்டை நிறுத்தும் காரணமாகிவிட்டது. இடையில் எங்கோ நாம் நினைவை அச்சமாக மாற்றிக்கொண்டோம்.

இம்மாற்றத்தின் இழப்பு கணக்கிடத்தக்கது. இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அவர்கள் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய தம் ஆய்வை 1953இல் நூலாக்கியபோது, இப்படியொரு இலக்கியம் உண்டா என வியந்தவர் பலர். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்து அவர் பி.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து எழுதிய இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளே இன்றும் நமக்குக் கைவிளக்கு. 1996இல் உவைஸ் மறைந்தார். அவர் பட்டியலில் பெயர் மட்டும் உள்ள நூல்களைத் தேடிச் செல்லும் வேலை இன்னும் மிஞ்சியிருக்கிறது. அச்சேறாத முனாஜாத்துகள், பெயர் தெரியாப் பெண்கள் கட்டிய தாலாட்டுகள், பயணம் போன மகன் திரும்பாதபோது வாய்விட்டுச் சொன்ன வரிகள் ஆகியவை ஏட்டில் இல்லை. எழுபது, எண்பது வயதுத் தாய்மார்களின் நெஞ்சில் இருக்கின்றன. மையவாடிகளில் சாய்ந்து கிடக்கும் பழைய மீசான் கற்களிலும் படிக்கப்படாத எழுத்துகள் உள்ளன.

இவ்வாண்டு கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் தமிழ்த்துறை மாணவ மாணவியர், தத்தம் ஊரில் வயது முதிர்ந்த ஒரு பாட்டியாரிடம் அமர்ந்து, அவர் அறிந்த ஒரு முனாஜாத்தையோ தாலாட்டையோ, அவர் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதி வரலாம். யாரிடம் கேட்டது, எந்த ஊர், அவருக்கு அதைக் கற்பித்தவர் யார் என்னும் மூன்று குறிப்புகளும் உடன் வேண்டும். திரட்டியவற்றை அடுத்த மலரில் வெளியிடத் துறையினர் பக்கம் ஒதுக்குவர் என நம்புகிறேன். பாட்டியார் களைப்புற்றால் மறுநாள் செல்லுங்கள். ஆனால் மறுநாளே செல்லுங்கள்.